பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன்...

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பலரும் கம்ப்யூட்டரில் புது எஸ்.எஸ்.டி. போட்டு விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். வேகம் பிரமாதம்தான். ஆனால், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் சிலருக்குக் கம்ப்யூட்டரே எழுந்திருப்பதில்லை!

இன்ஸ்டால் செய்யும்போது பழைய டிஸ்க்கும் இணைப்பில் இருந்தால், பூட் ஃபைல்கள் அதிலுள்ள இ.எஃப்.ஐ. பகுதியிலேயே போய் உட்கார்ந்துவிடக்கூடும். குடிவந்தது புது வீடு, சாவி பழைய வீட்டில்.

'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். 'இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன்' பழைய டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அதை ஃபார்மட் செய்யாதீர்கள். குடும்பப் போட்டோக்களை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். புது டிரைவில் ஃபேட்32 முறையில் சிறிய இ.எஃப்.ஐ. பகுதி உருவாக்கி, விண்டோஸிலேயே இருக்கும் 'பி.சி.டி.பூட்' கட்டளையால் பூட் ஃபைல்களை அங்கே எழுதலாம். கட்டளைகளில் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இனிமேல்தான் இன்ஸ்டால் செய்யப்போகிறீர்களா? முதலில் பழைய டிஸ்க்கின் கேபிளை உருவிவிடுங்கள்.