பெயர் பழையது, உள்ளே இருப்பது எது?

வல்லக்கோட்டை முருகன் கோயிலைத் தாண்டி ஒரகடம் பக்கம் போனால் வழிநெடுக ஆலைகள். ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு வரிசையில், டிரில்லும் ஆங்கிள் கிரைண்டரும் தயாரிக்கும் பாஷ் ஆலையும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் ஷெட்களில் கிரைண்டர் சத்தம் ஓய்வதே இல்லை. கம்பெனி பழைய கம்பெனிதான், சாமான்தான் முன்போல உழைப்பதில்லை என்ற பேச்சும் அங்கே சகஜம். எந்த பிராண்டை எடுத்தாலும் இந்தப் பேச்சு உண்டு.

இதில் எவ்வளவு உண்மை? பெயர் கெடுவதும் தரம் கெடுவதும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை.

அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கதையைப் பாருங்கள். 1910-இல் தொடங்கிய நிறுவனம். கைத்துப்பாக்கிபோல் பிடித்து விசையை அழுத்தும் டிரில்லுக்கு 1917-இல் காப்புரிமை பெற்றது அதுதான். 1984-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சிறு வீட்டுச் சாதனத் தொழிலை வாங்கியது. அயர்ன்பாக்ஸிலும் டோஸ்டரிலும் அதே பெயர் ஏறியது. பெருங்கடைகளின் அலமாரியெல்லாம் நிறைந்தது. தச்சரும் எலக்ட்ரீசியனும் விலகிப்போனார்கள். மனைவி டோஸ்டரில் பார்க்கும் பெயரைத் தன் தொழில் கருவியில் பார்க்க அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் தொழில்முறைக் கருவிச் சந்தையில் ஜப்பானின் மக்கீட்டா பாதியளவு பிடித்திருந்தது. பிளாக் அண்ட் டெக்கருக்குப் பத்து விழுக்காடுகூட இல்லை. இத்தனைக்கும் சோதனையில் அதன் கருவிகள் மோசமாக இல்லை. 1992-இல் அந்த நிறுவனம் தன் பெயரையே எடுத்துவிட்டு, கைவசமிருந்த டிவால்ட் என்ற பழைய பெயரில், மஞ்சள் நிறத்தில் தொழில்முறைக் கருவிகளை இறக்கியது. விட்ட சந்தை திரும்பக் கிடைத்தது.

அங்கே கெட்டது பெயர் மட்டும். பெயர் அப்படியே இருக்க, உள்ளே சரக்கு இளைப்பதுதான் வாங்குகிறவரை ஏமாற்றும். பெருங்கடையோ ஆன்லைன் தளமோ முதலில் ஒரு விலையைக் குறித்துவிடும்; அந்த விலைக்குள் கருவியை அடக்குவது தயாரிப்பாளர் பாடு. ரிப்பேர் கடை மேசையில் நான்கு அங்குல கிரைண்டர் இரண்டைப் பிரித்து வைத்தால் வித்தியாசம் தெரியும். ஒன்றில் இரு முனையிலும் மூடிய பால் பேரிங், மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் செம்புக் கம்பிமேல் தூசி அரிக்காதபடி கெட்டியான பூச்சு, கார்பன் பிரஷ் தேய்ந்ததும் தானே நிறுத்தும் அமைப்பு. மலிவானதில் ஒரு முனையில் வெறும் புஷ் வளையம், காயிலில் அலுமினியம், விறைத்த பிவிசி வயர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாரத்தில் ஒருநாள் வீட்டு வேலைக்கு மலிவானது போதும். நாள் முழுக்க இரும்பு அறுக்கும் ஷெட்டில் அதன் ஆர்மேச்சர் கருகும்.

ஆகவே மலிவு விற்பனையைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வேலைக்கான இரண்டு கருவிகளை ஒரே முகத்தோடு விற்பதுதான் குற்றம். பாஷ் இதற்கு நிறத்தால் வழி கண்டது: தொழிலுக்கு நீலம், வீட்டுக்குப் பச்சை. நேர்மையான ஏற்பாடு.

கார் ஆலைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அசெம்பிளி லைனில் நட்டு முடுக்கும் கருவியை எஞ்சினியர் டார்க் அளவு, கேலிபரேஷன் எல்லாம் எழுதிக்கொடுத்து வாங்குகிறார். அதே ஆலைக்குப் பாகம் செய்யும் சிறு ஷெட்காரர் வாட்ஸையும் விலையையும் பார்த்து வாங்குகிறார். வாட்ஸ் என்பது கருவி இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லாது.

கிரைண்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளாவது கேளுங்கள். இந்த மாடலுக்குத் தனியாக ஆர்மேச்சர் கிடைக்குமா? சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது? தொழிலில் பயன்படுத்தினாலும் வாரண்டி செல்லுமா? பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து, சக்கரத்தை மறைக்கும் வீல் கார்டு தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் சக்கரம் உடைந்தால், முகத்துக்கும் அதற்கும் நடுவே இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான்.