பட்டனுக்கு ஓர் இடம்

மென்பொருளில் புது வசதி சேர்ப்பதைவிட, அதற்கான பட்டனைத் திரையில் எங்கே வைப்பது என்று முடிவுசெய்வது கடினம். மைக்ரோசாஃப்ட் வேர்டு அந்தச் சிக்கலில் நன்றாக மாட்டிக்கொண்டது. விண்டோஸுக்கான முதல் பதிப்பில் இரண்டே டூல்பார்கள். 2003 பதிப்பில் 31. கட்டளைகளோ 1,500-ஐத் தாண்டிவிட்டன.

இடையில் ஆஃபிஸ் 2000-இல் ஒரு வழி கண்டார்கள். நாம் அடிக்கடி தொடாத கட்டளைகளை மெனு தானே மறைத்துவிடும். கீழே உள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் முழுதும் விரியும். நோக்கம் நல்லது, விளைவு மோசம். பழகியவர் மெனுவை வரிவரியாகப் படிப்பதில்லை. அவர் கை இடத்தை அறிந்து போகிறது. நேற்று நான்காவதாக இருந்த கட்டளை இன்று ஆறாவதாக இருந்தால், மறுபடி தேடத்தான் வேண்டும்.

2007-இல் மெனுக்களுக்கும் டூல்பார்களுக்கும் பதிலாக, டேப்களாகப் பிரிந்த ‘ரிப்பன்’ என்ற பட்டை வந்தது. வடிவமைப்புக் குழுவில் முக்கியமானவரான ஜென்சன் ஹாரிஸ், பயனர்கள் உண்மையில் எதை அழுத்துகிறார்கள் என்ற தரவுகளை வெளியிட்டார். வேர்டு 2003-இல் பேஸ்ட், சேவ், காப்பி, அண்டூ, போல்டு ஆகிய ஐந்து மட்டுமே மொத்தப் பயன்பாட்டில் சுமார் 32 சதவீதம். முதலிடம் பேஸ்டுக்கு. ‘ஹோம்’ டேப்பின் இடது ஓரத்தில் அது அவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான். மற்றவை செய்யும் வேலைக்கேற்ப டேப்களாகப் பிரிந்தன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது படத்துக்கான டேப். படத்தை ஒருமுறை சொடுக்கினால் அந்த டேப் மேலே தோன்றும். ஆனால் நாம் இருக்கும் டேப்பிலிருந்து நம்மை இழுத்துச் செல்லாது. இருமுறை சொடுக்கினால் அங்கே மாறும். படத்தை நகர்த்த மட்டும் தொட்டவரையும் திருத்த வந்தவரையும் இந்தச் சிறு வேறுபாடு பிரித்தறிகிறது. தேவையானதைக் கருவி எடுத்துக் காட்டலாம்; காட்சியை மாற்றுவது பயனரின் கையில் இருக்க வேண்டும்.

ரிப்பன் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. மெனுவிலேயே பழகியவர்கள் வெகுவாகத் தடுமாறினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. 2019-இல் வந்த லிப்ரே ஆஃபிஸ் 6.2, பழைய டூல்பார் அமைப்பை வைத்துக்கொண்டே டேப் அமைப்பையும் தந்தது. அந்த இலவச மென்பொருள் உங்களிடம் இருந்தால், ‘வியூ’ மெனுவில் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். கைக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ளுங்கள்.