எம்.ஏ. படித்தால் தாசில்தார் ஆகலாமா?

தபாலில் ‘பொது நிர்வாகம்’ படிக்க நினைக்கும் பட்டதாரிகள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை!

சங்கரன்கோவில்:-

விசைத்தறிச் சத்தம் ஓயாத சங்கரன்கோவிலில், டிகிரி முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி கிளம்பும்.

“சும்மா இருக்கதுக்கு தபால்ல எம்.ஏ. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேசன் போட்டு வைக்கச் சொல்லுதாவ அண்ணாச்சி. அத முடிச்சா தாசில்தாரா, கலெக்டரா போயிரலாமாமே? நெசமா?”

கேட்பவர் தறி ஓட்டி மகனைப் படிக்க வைத்த தகப்பனாக இருக்கலாம். ஜவுளிக்கடையில் பில் போடும் பட்டதாரிப் பெண்ணாக இருக்கலாம். பகலில் கடை, ராத்திரியில் புத்தகம் என்று காலம் தள்ளும் வாலிபராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் போடப் போவது சொந்தக் காசு. போகப் போவது 2 வருடம்.

பதில் பாதி இனிப்பு, பாதி கசப்பு. கலெக்டர் ஆகலாம். ஆனால் அதற்கு இந்த எம்.ஏ. வேண்டியதே இல்லை!

டிகிரி போதும்!

ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு டிகிரி போதும். டெபுடி கலெக்டர், டி.எஸ்.பி. பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப்-1 பரீட்சைக்கும் டிகிரிதான் அடிப்படை.

தாசில்தார் நாற்காலிக்கோ நேரடிப் பரீட்சையே கிடையாது! வருவாய்த்துறையில் கீழே இருந்து உதவியாளர், துணை தாசில்தார் என்று படிப்படியாக ஏறி வந்து உட்காரும் நாற்காலி அது. எம்.ஏ. சான்றிதழை நீட்டினால் யாரும் எழுந்து இடம் தர மாட்டார்கள்.

அப்படியானால் இந்தப் படிப்புக்கு ஏன் இவ்வளவு பெயர்?

ஏறிய மவுசு, இறங்கிய மவுசு

1987-ம் ஆண்டு ஐ.ஏ.எஸ். பரீட்சையில் ‘பொது நிர்வாகம்’ தனி விருப்பப் பாடமாக நுழைந்தது. அப்போது மெயின் பரீட்சைக்கு 2 விருப்பப் பாடங்கள் எடுக்க வேண்டும். என்ஜினீயரோ, டாக்டரோ, வக்கீலோ ஒரு பாடத்தைத் தன் படிப்பில் இருந்து எடுத்துக் கொள்வார். இன்னொன்றுக்குத் திண்டாடுவார். அவருக்குப் பொது நிர்வாகம் கை கொடுத்தது. முன்பின் படிக்காதவரும் சில மாதங்களில் பிடித்து விடலாம். பொது அறிவுத் தாளுக்கும் உதவும். கேட்க வேண்டுமா? கோச்சிங் சென்டர்களில் கூட்டம் அலைமோதியது.

2010-ம் ஆண்டு பரீட்சையில் அகில இந்தியாவிலேயே முதல் இடம் பிடித்தவர் சென்னையைச் சேர்ந்த திவ்யதர்ஷினி. அவர் சட்டம் படித்தவர். சட்டத்தோடு பொது நிர்வாகத்தையும் விருப்பப் பாடமாக எடுத்திருந்தார். ஆனால் அவர் பொது நிர்வாகத்தில் எம்.ஏ. வாங்கிவிட்டுப் போனவர் அல்ல. பலர் கவனிக்காமல் விட்டது இதைத்தான்!

2013-ல் விதி மாறியது. 2 விருப்பப் பாடம் என்பது 1 ஆகக் குறைந்தது. அரசாட்சி, நிர்வாகம், நேர்மை என்று பாதிச் சரக்கு எல்லோரும் எழுத வேண்டிய பொதுத் தாள்களுக்குப் போய்விட்டது. பொது நிர்வாகத்தின் மவுசும் இறங்கியது. பரீட்சையில் மவுசு இறங்கிய செய்தி ஊர்ப்பேச்சுக்கு மட்டும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஆடித்தபசே பாடம்தான்!

அதற்காகப் படிப்பே வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. பாடத்தில் சத்து இருக்கிறது.

1887-ல் அமெரிக்காவில் உட்ரோ வில்சன் என்ற பேராசிரியர் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்துதான் இந்தப் பாடத்தைத் தொடங்குவார்கள். சட்டம் போடுவது ஒரு வேலை, போட்ட சட்டத்தை நடத்திக் காட்டுவது வேறு வேலை, அதைத் தனியாகப் படிக்க வேண்டும் என்றார் அவர். பின்னாளில் அவரே அமெரிக்க ஜனாதிபதி ஆனார்! நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1937-லேயே பொது நிர்வாகத்தில் டிப்ளமோ தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஆப்பிள்பி 1953-ல் இந்திய நிர்வாகம் பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் பேரில் 1954-ல் டில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் உருவானது. அதற்கு முதல் தலைவர் பிரதமர் நேரு.

மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ‘போஸ்ட்கார்ப்’. போஸ்ட் கார்டு அல்ல, போஸ்ட்கார்ப்! 1937-ல் லூதர் குலிக் என்பவர் நிர்வாகியின் 7 வேலைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் செய்த சொல். திட்டமிடுதல், அமைப்பை உருவாக்குதல், ஆள் போடுதல், உத்தரவிடுதல், பல துறைகளை இணைத்தல், மேலே அறிக்கை அனுப்புதல், வரவு செலவு போடுதல்.

சங்கரன்கோவில்காரருக்கு இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம். ஆடித்தபசு அன்று தெருவில் நின்றால் போதும்!

கோமதி அம்மனுக்கு சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கும் அந்த நாளில் ஜனவெள்ளம். பஸ்களை எங்கே நிறுத்துவது? போக்குவரத்துக் கழகமும் போலீசும் பேசி முடிக்க வேண்டும். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு நகராட்சி பொறுப்பு. கோவிலுக்குள் அறநிலையத்துறை. மயங்கி விழுந்தால் சுகாதாரத்துறை. உள்ளூர் விடுமுறை விடுவது கலெக்டர். அந்த விடுமுறைக்கு ஈடாக வேறொரு நாள் வேலை நாள் என்று அறிவிப்பதும் அவர்தான். இத்தனை துறையும் தனித்தனித் தலைமை உள்ளவை. ஒருவருக்கு ஒருவர் கீழ்ப்பட்டவர் அல்ல. ஆனாலும் ஒரே நாளில், ஒரே ஊரில், ஒன்றாக ஓட வேண்டும். ‘இணைத்தல்’ என்ற பாடத்துக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி பிரிந்தது. சங்கரன்கோவில் புதிய வருவாய்க் கோட்டம் ஆனது. அதுவரை மனு கொடுக்க நெல்லை கொக்கிரகுளத்துக்கு பஸ் ஏறியவர்கள், தென்காசிக்கு ஏறத் தொடங்கினார்கள். மாவட்டத்தைப் பிரித்தால் செலவு கூடுமா, சனங்களின் அலைச்சல் குறையுமா? பரீட்சைத் தாளில் இந்தக் கேள்வி வந்தால் மற்ற ஊர்க்காரர் யோசிப்பார். இந்த ஊர்க்காரர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கி விடுவார்!

கவுடில்யரின் அர்த்தசாஸ்திரம், உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறை, பஞ்சாயத்து ராஜ், 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாம் இந்தப் படிப்புக்குள் வருகின்றன. குரூப்-1, குரூப்-2 எழுதுகிறவருக்கு இது வீண் போகாது.

படி தாண்டினால் வேலை போகும்!

இனி வில்லங்கத்துக்கு வருவோம். அரசாங்க வேலைக்கு என்று எம்.ஏ. படிக்கிறவர் கவனிக்க வேண்டியது, முதலில் எம்.ஏ.வை அல்ல. அதற்குக் கீழே உள்ள படிகளை!

திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் பள்ளிப்படிப்பை முடிக்காமலே டிகிரியும், டிகிரி இல்லாமலே எம்.ஏ.வும் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. பலர் வாங்கினார்கள். சென்னையில் உள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பான வழக்கு இப்படித்தான் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. முதல் டிகிரி இல்லாமல் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 18-ல் தமிழக அரசு 107-ம் எண் அரசாணை போட்டது. 10-ம் வகுப்பு, பிளஸ்-2, அதன் பிறகு 3 வருட டிகிரி என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்பது அதன் சாரம். மேலே எத்தனை பட்டம் அடுக்கினாலும் நடுவில் ஒரு படி இல்லை என்றால் ஏணி நிற்காது. பிளஸ்-2 எழுதாமல் நேரே டிகிரி வாங்கியவர், எம்.ஏ. போட்டு அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

மாடியில் போர்டு பார்த்து ஏமாறாதீர்!

அடுத்தது, படிப்பை விற்கும் இடம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் ‘ஸ்டடி சென்டர்’ என்று போர்டு தொங்கினால் அது எந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், எந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் என்று கேட்க வேண்டும். தொலைநிலைக் கல்வியை ஏஜெண்டுகளுக்குக் குத்தகை விடுவதை யு.ஜி.சி. தடை செய்திருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லையைத் தாண்டிக் கடை விரிக்கவும் முடியாது.

“பேர் பெற்ற யுனிவர்சிட்டிதானே, என்ன வந்துரப் போவுது?” என்று இருந்துவிடக் கூடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15-ம் ஆண்டு வரைதான் அனுமதி இருந்தது என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. அறிவிப்பு வெளியிட்டபோது, தமிழ்நாடு முழுவதும் எத்தனை வீடுகளில் பீரோவைத் திறந்து சான்றிதழை எடுத்துத் தேதி பார்த்தார்களோ! எனவே பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பேரை மட்டும் அல்ல. எந்த ஆண்டு, எந்தப் பருவம், எந்தப் படிப்பு என்று மூன்றையும். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விக் குழு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. செல்போனிலேயே பார்த்து விடலாம். 10 நிமிட வேலை.

2024-ல் இருந்து, சேருகிற மாணவர் முதலில் அந்தத் தளத்தில் ‘டி.இ.பி. ஐ.டி.’ என்ற எண்ணைத் தானே வாங்க வேண்டும் என்று விதி வந்தது. “ஐ.டி. எல்லாம் வேண்டாம் தம்பி, நாங்க பாத்துக்கிடுதோம்” என்று எவராவது சொன்னால், அங்கே இருந்து எழுந்து வந்து விடுவது உத்தமம்.

முறையாக அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி.யே தெளிவுபடுத்தி விட்டது. ஆகவே ‘தபால் படிப்புதானே’ என்று தாழ்வாக நினைக்கவும் வேண்டாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்த டிகிரிக்காரரும் இதில் சேரலாம். அங்கே வீட்டில் எழுதும் பயிற்சிக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70 சதவீதம் மார்க். பயிற்சி எழுதாமல் பரீட்சைக்கு மட்டும் படித்தால் தேற முடியாது. நேரில் போய்ப் படிக்க வசதி உள்ளவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற இடங்கள் உள்ளன.

தமிழ் வழியும் குமாஸ்தாவும்

“எம்.ஏ.வை தமிழ்ல படிச்சா, தமிழ் வழி 20 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும்லா?” என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது! டிகிரி தகுதியாக உள்ள வேலைக்கு, 1-ம் வகுப்பில் இருந்து டிகிரி வரை தமிழில் படித்திருக்க வேண்டும். டிகிரியை இங்கிலீஷில் படித்துவிட்டு, எம்.ஏ.வை மட்டும் தமிழில் படித்துப் பயன் இல்லை.

ஏற்கனவே அரசு வேலையில் இருக்கும் குமாஸ்தாக்கள் இன்கிரிமெண்டை நம்பிச் சேருவது இன்னொரு ரகம். உயர்கல்விக்குத் தந்து வந்த முன் ஊதிய உயர்வை அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பழைய சீனியர் சொல்லும் கணக்கை நம்பி இறங்கக் கூடாது.

இந்த எம்.ஏ. நேரடியாகத் திறக்கும் கதவு ஒன்று உண்டு. அது கல்லூரி ஆசிரியர் வேலை. எம்.ஏ.வில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 50 சதவீதம் வாங்கி, ‘நெட்’ பரீட்சை எழுதலாம். அதில் பொது நிர்வாகம் தனிப் பாடம். நல்ல மார்க் வந்தால் ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. ஆனால் கேள்வித்தாள் இங்கிலீஷ், இந்தியில் மட்டுமே. தமிழில் படிப்பவர் கலைச்சொற்களை இங்கிலீஷிலும் சேர்த்தே படித்துக் கொள்வது நல்லது. இந்தப் பாடம் நடத்தும் கல்லூரிகள் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடல் தாண்டினால் கதை வேறு. 2023-ல் சிங்கப்பூர் ஜனாதிபதியாகத் தேர்வான தமிழ் வம்சாவளியினர் தர்மன் சண்முகரத்னம், அமெரிக்காவின் ஹார்வர்டில் பொது நிர்வாக முதுகலை முடித்தவர். அங்கெல்லாம் விண்ணப்பத்தோடு மார்க் மட்டும் போதாது. செய்த வேலை என்ன, இனி என்ன செய்யப் போகிறாய் என்று கட்டுரை கேட்பார்கள். மேலதிகாரிகளின் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். சில ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கே மதிப்பு.

உள்ளூரில் சேருகிறவருக்குத் தேவை 10-ம் வகுப்பு, பிளஸ்-2, டிகிரி மார்க் ஷீட்டுகள், டி.சி., சாதிச் சான்றிதழ், போட்டோ, அந்த டி.இ.பி. எண். ஆண்டுக்கு 2 சேர்க்கை. ஜூலையை ஒட்டி ஒன்று, ஜனவரியை ஒட்டி ஒன்று. பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்க வேண்டும். ஒரிஜினல் டி.சி.யைக் கொடுக்கும் முன் 2 நகல் எடுத்து வைத்துக் கொள்ளவும்.