கூழ் வத்தலும் குழாய்த் தண்ணீரும்

வத்தல் போடுவதற்கும் பேரூராட்சி ஆபீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் சம்பந்தம் வந்துவிட்டது. தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. மொத்தம் இருபத்திரண்டு வீடு உள்ள தெரு. பங்குனி கடைசியில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் முறை வைத்துக்கொண்டு கூழ் காய்ச்சுவோம். இன்று ஒரு வீட்டு வத்தல் என்றால் நாளை அடுத்த வீடு. நாழியில் பிழிய நாலு பேர், காக்கை விரட்ட இரண்டு பிள்ளைகள். மெட்ராஸ்காரர்கள் வடாம் என்பார்கள். எங்களுக்கு அது கூழ் வத்தல்தான்.

தெரியாதவர்களுக்காகப் பக்குவத்தையும் சொல்லிவிடுகிறேன். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, ஒரு பங்கு மாவுக்கு நாலு பங்கு தண்ணீர் கொதிக்கவைத்து, அதில் கரைத்து விட்டுக் கைவிடாமல் கிளற வேண்டும். பச்சை மிளகாய், பெருங்காயம் அரைத்துப் போடலாம். உப்பு மட்டும் நாக்குக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும், காய்ந்தபின் கரிப்பு ஏறிவிடும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். எலுமிச்சம்பழம் பிழிவதை ஆறியபின் செய்யுங்கள்.

2023 சித்திரையில் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை கூழ் காய்ச்சினோம். எங்கள் தெரு ஆச்சிக்கு எழுபது வயசுக்கு மேல். கண் மங்கல், ஆனால் மூக்கு மட்டும் படுகூர்மை. அடுப்பில் தண்ணீர் சூடேறும்போதே கிட்டே வந்து, "ஏட்டி, இந்தத் தண்ணியில என்னமோ வாடை அடிக்கி, அரிசிய நாசம் பண்ணிராதீங்க" என்றார்கள். பாத்திரத்தைக் கழுவினோம். வேறு குடத்துத் தண்ணீர் ஊற்றினோம். அதிலும் அதே வாடைதான். அன்று கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சி முடித்தோம்.

எங்களுக்குக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். காலை ஆறு மணிக்கு வந்தால் ஏழேகாலுக்கு நின்றுவிடும். அடுத்த முறை வந்தபோது கண்ணாடி டம்ளர்களில் ஐந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிடித்துத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். முதல் இரண்டு டம்ளர் கலங்கல், வாறுகால் நாற்றம். அப்புறம் கொஞ்சம் தெளிந்தது. கடைசி டம்ளரைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் முதலில் வருவதைத்தானே குடிக்கப் பிடிக்கிறோம்!

இதற்குள் தெருக்கோடி வீட்டுக் குழந்தை, இரண்டரை வயசு, வயிற்றுப்போக்கில் துவண்டுபோய் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தது. அதன் தாயார் அழுததைப் பார்த்தவர்கள் அந்த டம்ளர்களை மறக்க மாட்டார்கள். அடுத்த மாதம் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை குடித்தவுடனே தெரியாது. இரண்டு வாரமும் ஆகலாம், ஏழு வாரமும் ஆகலாம். அதனால்தான் 'போன வாரம் கல்யாணவீட்டில் சாப்பிட்டது' என்று பழியை வேறு எங்கோ போட்டுவிடுகிறோம். கீழாநெல்லி கொடுப்பது அவரவர் நம்பிக்கை, ஆனால் டாக்டரிடம் காட்டி ரத்தம் பரிசோதிக்காமல் இருந்துவிடக் கூடாது.

ஆபீஸுக்கு முதல் நாள் போனபோது, "எழுதிக் கொண்டாங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுதினோம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வீட்டுக் குழாயில் கலங்கல், யார் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் விவரமாக. பத்தொன்பது வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையும் கொண்டுபோனோம். மனுவின் நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பினோம். சகோதரிகளே, அந்தச் சீல் இல்லாமல் எந்த ஆபீஸிலும் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாயால் சொன்னது வாசல்படியோடு போய்விடும்.

எங்கள் வார்டு மெம்பர் ஒரு பெண். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தினார்களே, அதன்படி 2022 பிப்ரவரி தேர்தலில் ஜெயித்தவர். ஆனால் வாசலில் வந்து நின்று பேசியது அவர் வீட்டுக்காரர்! "எங்கிட்டயே குடுங்க" என்றார். ஆச்சி விடவில்லை. "ஓட்டு அந்தப் பிள்ளைக்குத்தான்யா போட்டோம், அத வரச்சொல்லுங்க" என்றார்கள். மெம்பர் வந்தார். கூச்சப்பட்டார், ஆனால் நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாளில் அவரே ஆளோடு தெருவுக்கு வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

வந்த சுகாதார ஊழியர் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் மஞ்சள் நிறம் வந்தது. எங்கள் தெருக்கோடியில் நிறமே மாறவில்லை. குளோரின் இருந்தால்தான் மஞ்சள் வருமாம். கடைசி வீட்டுக் குழாயிலும் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. வழியில் அழுக்குக் கலந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடுகிறது.

தோண்டிப் பார்த்தார்கள். எங்கள் குடிதண்ணீர்க் குழாய் வாறுகாலுக்கு அடியிலேயே போகிறது, இணைப்பில் விரிசல். தண்ணீர் வராத நாளில் குழாய் காலியாகக் கிடக்கும்போது சாக்கடை உள்ளே கசிகிறது. மறுநாள் திறந்துவிட்டதும் அதுதான் முதலில் நம் குடத்தில் விழுகிறது. கூடவே இன்னொன்றும் சொன்னார் அந்தப் பிட்டர். யாரோ குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், அப்போது அழுத்தம் குறைந்து, தண்ணீர் வரும் நேரத்திலும் வாறுகால் தண்ணீரை விரிசல் வழியாக இழுத்துக்கொள்ளும் என்று.

யார் என்று தெருவுக்கே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாடிவீட்டு மதினிதான். எங்கள் எல்லார் வீட்டு வத்தலுக்கும் உப்புப் பார்த்துச் சொல்கிறவர், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் விடியுமுன் வந்து நிற்கிறவர். காட்டிக்கொடுத்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அன்று மாலை நாங்கள் மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போனோம்.

"நான் என்ன செய்ய மதினி? மாடியில அத்தை படுக்கையில கெடக்காங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை துணி மாத்தணும். தண்ணி தானா மேல ஏறாதுல்லா?" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. தெருக்கோடிக் குழந்தையின் தாயாரும் எங்களோடு வந்திருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மதினி உள்ளே போய்விட்டார்.

மூன்று வாரம் பேச்சு வார்த்தை இல்லை. பெரிய கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குள் பிட்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். தரைமட்டத்துக்குக் கீழே ஒரு தொட்டி கட்டிவிட்டால் குழாய்த் தண்ணீர் தானாக அதில் விழும். அந்தத் தொட்டியிலிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றினால் யாருக்கும் தொந்தரவு இல்லை. செலவு இருக்கிறதே! வத்தல் சீட்டுப் பணத்தில் கொஞ்சம் கைமாற்றுக் கொடுப்பதாகச் சொல்லி ஆச்சியை அனுப்பினோம். மதினி பணத்தை வாங்கவில்லை. ஆனால் வைகாசி முடிவதற்குள் தொட்டி கட்டிவிட்டார். அதிலிருந்து இரண்டு பக்கெட் பிடித்துக்கொள்ளும்படி தெருக்கோடி வீட்டுக்கு அவரே சொல்லியனுப்பினார்.

விரிசல் விட்ட அறுபது அடிக் குழாயைப் பேரூராட்சி மாற்றிவிட்டது. மீதிக் குழாய் இன்னும் வாறுகாலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதை மேடான பக்கம் கொண்டுபோக இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ல் வந்த சட்டம், பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பத்தாவது படித்தவள் எழுதினாலும் செல்லும்.

அதுவரை எங்கள் தெருவில் முதல் பத்து நிமிஷத் தண்ணீர் செடிக்கும் கக்கூஸுக்கும்தான். குடிக்கிற தண்ணீர் குமிழ் விட்டுத் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க வேண்டும், சூடானால் மட்டும் போதாது. பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால் அப்படிக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், டீஸ்பூனால் தலைதட்டி ஆறு சர்க்கரை, அரை உப்பு கரைத்து அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆறவைத்த தண்ணீரை மூடிய பானையில் வைத்து, நீளக் காம்புள்ள அகப்பையால் மொள்ளுங்கள். டம்ளரோடு கையை உள்ளே விட்டால் கொதிக்கவைத்த விறகும் வீண்தான்.