ஊர்க் கண்மாயைத் தூர்வார ஆசை... பணம் யார் தருவார்கள்?

வாரக் கடைசியில் சொந்த ஊருக்குப் போய்வரும் ஐடி ஊழியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்குகிறார்கள். ‘நம்ம ஊர் கண்மாயைத் தூர்வாரணும்’ என்பதுதான் பேச்சு. முதல் வாரத்திலேயே ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என ஜிபேயில் வந்து விழுகிறது. ஹிட்டாச்சி வாடகை, டீசல் என்று கணக்குப் பார்த்தால் அந்தப் பணம் சில நாள்களிலேயே தீர்ந்துவிடுகிறது. கரையில் பாதி மண், குளத்தில் பாதிக் கருவேலம் என்று வேலை அப்படியே நிற்கிறது.

இத்தனைக்கும் நிதி இல்லாமல் இல்லை. அது எங்கே இருக்கிறது, யார் கேட்டால் கிடைக்கும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

ஏரி யாருடையது?

பணத்தைத் தேடும் முன் விடை தெரிய வேண்டிய கேள்வி இது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வரும். குளம், குட்டை, ஊருணி போன்றவை பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் அ-பதிவேட்டைப் பார்க்கலாம். புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டால் எல்லை எது, ஆக்கிரமிப்பு எது என்பது புரிந்துவிடும்.

சம்பந்தப்பட்ட துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்தப் பெரிய நிறுவனமும் காசோலை கொடுக்காது. ‘கலெக்டர்கிட்ட வாய்மொழியா பேசிட்டோம்’ என்பதெல்லாம் எடுபடாது.

லாபத்தில் 2 சதவீதம்

பெரிய தொகை இருக்கும் இடம் சிஎஸ்ஆர் எனப்படும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி – இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல், இயற்கை வளப் பாதுகாப்பு ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை தரும்படி சட்டமே சொல்வதால், ஊருக்குப் பக்கத்தில் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தை அணுகுவது புத்திசாலித்தனம். எந்த நிறுவனம் எதற்குச் செலவிட்டது என்ற விவரம் மத்திய அரசின் சிஎஸ்ஆர் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மனு எழுதும் முன் அரை மணி நேரம் அதில் செலவிட்டால், பத்து வீண் மின்னஞ்சல்கள் மிச்சம்.

ஆனால், வாட்ஸ்அப் குரூப்புக்கு இந்தப் பணம் வராது. பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கம் அல்லது லாப நோக்கற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். இதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் ‘சிஎஸ்ஆர்-1’ படிவத்தில் பதிவு செய்வதும் கட்டாயம். புதிதாகக் கிளம்பும் இளைஞர்கள் மூன்று ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே பதிவுள்ள அமைப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, களப்பணியைத் தாங்கள் பார்த்துக்கொள்ளலாம். கோவையின் சிறுதுளி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இ.எஃப்.ஐ. போன்றவை நீர்நிலைப் பணியில் நீண்ட அனுபவம் உள்ளவை.

நேரமும் முக்கியம். நிதியாண்டு முடியும் மார்ச்சில் பல நிறுவனங்களில் செலவாகாத பணம் இருக்கும். அப்போது அவசரமாகக் கேட்பவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மரக்கன்று நடும் விழாவும் பேனரும்தான். கண்மாய் வேலைக்கு அது உதவாது. ‘தொடர் திட்டம்’ என்று வகைப்படுத்தினால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை செலவிடச் சட்டம் இடம் தருகிறது. கேட்க வேண்டியது இதைத்தான்.

அரசுப் பணமும் ஊர்ப் பணமும்

‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும். 9 லட்சம் ரூபாய் வேலைக்கு ஊர் திரட்ட வேண்டியது 3 லட்சம். ஜிபேயில் சேர்ந்த பணத்தை நேராக டீசலுக்குக் கொட்டுவதைவிட, இப்படி விதையாகப் போடுவது எவ்வளவோ மேல்.

வண்டல் மண்ணும் ஒருவகையில் பணம்தான். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அனுமதியுடன் இதைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம் என 2024-இல் விதி எளிதாக்கப்பட்டது. அவர்கள் டிராக்டரில் அள்ளிச் சென்றால், குளத்துக்கு அந்த அளவுக்குச் செலவு குறையும்.

மக்கள் பணத்தை மட்டும் நம்பி நடந்த வேலைகளும் உண்டு. 2018-இல் கஜா புயல் புரட்டிப்போட்ட தஞ்சை மாவட்டம் பேராவூரணியில், ‘கைஃபா’ என்ற அமைப்பாகத் திரண்ட விவசாயிகளும் இளைஞர்களும் 564 ஏக்கர் பெரியகுளத்தில் கைவைத்தார்கள். நன்கொடை வந்தது, வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்க்காரர்களும் கைகொடுத்தார்கள். புயலின் வலி பணம் திரட்டித் தந்தது என்றும் சொல்லலாம். எல்லா ஊருக்கும் அது வாய்க்காது, வாய்க்கவும் வேண்டாம்.

நன்கொடை கேட்கும்போது ‘80ஜி வரிவிலக்கு உண்டு’ என்று பலரும் ஆசை காட்டுகிறார்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த ஊழியருக்கு அந்தச் சலுகை கிடையாது. இளம் ஊழியர்களிடம் கேட்பவர்கள் இதை நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது.

டாலர் மானியம் கிடைக்குமா?

உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 முதல் இயங்குகிறது, உள்ளூர் அமைப்புகளுக்கானது. பிரிட்டனின் ரஃபோர்ட் அறக்கட்டளை, வனவிலங்கு, வாழிடப் பாதுகாப்பில் இறங்கும் இளம் ஆய்வாளர்களுக்குச் சிறு மானியம் தருகிறது. பறவைகள் வரும் ஏரி என்றால் முயன்று பார்க்கலாம். ஆனால், வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவோ முன்அனுமதியோ அவசியம். பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்கும். துபாய் நண்பர் தானே என்று வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் சாதாரணக் கணக்கில் வாங்கிப் போட்டால், அது சட்டச் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் அங்கே வேலை செய்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது.

யாரும் தராத பணம்

தூர்வாரவும் கரை பலப்படுத்தவும் நிதி கிடைக்கும். மழை முடிந்ததும் மீண்டும் முளைக்கும் கருவேலத்தை வெட்டவும், வரத்துக் கால்வாயில் சேரும் பிளாஸ்டிக்கை அள்ளவும் ஆண்டுதோறும் ஆகும் சின்னச் செலவுக்குக் கொடுப்பவர் இல்லை. வரத்துக் கால்வாய் அடைபட்டால், தூர்வாரிய கண்மாய் வெறும் பள்ளம்தான். பழைய ஊர்களில் இந்தச் செலவுக்கு மீன்பாசி ஏலப் பணம் கைகொடுத்தது. இன்றும் ஊராட்சிக் கண்மாய்களில் மீன் குத்தகை வருமானம் உண்டு. அதில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கும்படி கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். இவற்றில் நான்கு நாள்கள் ஆபீஸும் லீவுதான்.