கோதுமை இல்லாத, மைதா இல்லாத கண்ணாடி நூடுல்ஸ்! தெரியுமா?

ஒரு நூடுல்ஸின் ஊடாகக் கிண்ணத்தின் அடியில் இருக்கும் பூ வேலைப்பாடுகூடத் தெரியும் என்றால் நம்புவீர்களா? அதுதான் கண்ணாடி நூடுல்ஸ்! இதில் கோதுமையும் கிடையாது, மைதாவும் கிடையாது. பாசிப்பயறை ஊறவைத்து, அரைத்து, கரைத்து வடிகட்டி, அடியில் படியும் வெள்ளை ஸ்டார்ச்சை மட்டும் எடுத்துச் செய்கிறார்கள். ஒளியை மறிக்கும் புரதமும் தோலும் நீங்கிவிடுவதால், வெந்ததும் ஜவ்வரிசி போலவே பளிங்காகிவிடுகிறது!

சீனாவின் ஷான்டோங் மாகாணத்து லோங்கோ, இந்த நூடுல்ஸுக்குப் பேர்போன ஊர். ஆனால் பெருமளவு தயாரானது பக்கத்து ஜாவ்யுவானில்! கப்பலேறியது லோங்கோ துறைமுகத்தில் என்பதால் பெயர் துறைமுகத்துக்குப் போய்விட்டது. செய்யும் விதம் இன்னும் அதிசயம். ஸ்டார்ச் கூழைத் துளைகள் வழியே கொதிநீரில் இழை இழையாக விழவிடுவார்கள். வெந்ததும் குளிர்ந்த நீர். பிறகு உறையவைத்து, உருகவிட்டு, காயவைப்பார்கள். ஏன் உறையவைக்க வேண்டும்? குளிரில் ஸ்டார்ச் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிக்கொள்ளும். சூப்பில் கொதிக்கும்போதும் இழை குழைந்துபோகாமல் நிற்பது அந்த இறுக்கத்தால்தான்!

காய்ந்த நூடுல்ஸை நன்றாகச் சூடேறிய எண்ணெயில் அப்படியே போட்டுப் பாருங்கள். கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளைவெளேரென்று பொரிந்து பல மடங்காகிவிடும்! வெந்நீரில் ஊறவைத்தாலோ வழுவழுவென்று ஆகிவிடும். தனக்கென்று பெரிய ருசி இல்லாத இந்த இழை, சேர்கிற சாற்றையெல்லாம் குடித்துவிடும். இதன் முதல் பெருமை அதுதான் என்பேன். தாய்லாந்தில் இறாலோடு மண்சட்டியில் மூடி வேகவைக்கும் ‘குங் ஓப் வுன்சென்’னில் இறாலைவிட அடியில் கிடக்கும் நூடுல்ஸ்தான் அமிர்தம்!

கொரியர்களின் விருந்துகளில் ஜப்சே என்ற உணவு தவறாது இடம்பெறும். பாசிப்பயறுக்குப் பதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச்சில் செய்த தடித்த கண்ணாடி நூடுல்ஸைக் காய்கறிகளோடும் இறைச்சியோடும் நல்லெண்ணெய், சோயா சாஸ் விட்டுப் புரட்டுவார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட குவாங்ஹே மன்னருக்கு ஜப்சே கொடுத்தே ஒருவர் உயர்பதவி பெற்றதாக அரசவைக் குறிப்புகள் சொல்கின்றன! அன்றைய ஜப்சேயில் நூடுல்ஸே கிடையாது, தெரியுமா? வெறும் காய்கறிக் கலவைதான். நூடுல்ஸ் வந்து சேர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில்!

வியட்நாமில் ‘மியென்’ என்ற கண்ணாடி நூடுல்ஸைக் கோழிச் சாற்றிலும் விலாங்குமீன் சாற்றிலும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அதற்கான ஸ்டார்ச் ஒரு செடியின் கிழங்கிலிருந்து வருகிறது. எந்தச் செடி? நம் பூங்காக்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கிறதே, அந்தக் கல்வாழையின் இனம்!