வளர்ப்பு நாயின் உணவும் அதில் மறைந்துள்ள நஞ்சும்

திருவனந்தபுரத்தில் மரவள்ளிக் கிழங்கு வேகாத வீடு அரிது. மலையாளிகள் இதனைக் கப்ப என்பர். நாஞ்சில் நாட்டுத் தமிழர் மரச்சீனி என்பர். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இப்பயிரைப் பரப்புவதில் பெரிதும் ஊக்கம் காட்டினார். 1942-இல் பர்மா அரிசியின் வரத்து நின்றபோது ஏழை எளியோரின் பசியைத் தணித்ததும் இக்கிழங்கே. இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இதனை விரும்பிச் சமைக்கின்றன. மிஞ்சியது வீட்டு நாய்க்குச் செல்கிறது. கடையில் விற்கும் நாய்ப் பிஸ்கோத்துகள் சிலவற்றிலும் மரவள்ளி மாவு சேர்கிறது. நஞ்சுள்ளது எனப் பேசப்படும் இக்கிழங்கை நாய்க்கு இடலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

மரவள்ளியில் லினமாரின் என்னும் பொருள் உண்டு. கிழங்கை வெட்டினாலோ நசுக்கினாலோ, அதிலேயே உள்ள ஒரு நொதிப்பொருள் லினமாரினைச் சிதைத்து, ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சை வெளிப்படுத்துகிறது. இந்நஞ்சு, உடலின் உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தவொட்டாமல் தடுத்துவிடும். இதில் மனிதன், நாய் என்ற வேற்றுமை இல்லை. சதைப்பகுதியைவிடத் தோலிலும் இலையிலும் இது மிகுதி. அவற்றைத் தின்ற ஆடுமாடுகள் மாண்டதுண்டு என்பதைக் கேரள உழவர் நன்கறிவர்.

ஆயினும் இந்நஞ்சை எளிதில் நீக்கலாம். லினமாரின் நீரில் கரையும். ஹைட்ரஜன் சயனைடோ ஏறத்தாழ 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். எனவே, தோலைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, மூடாத பாத்திரத்தில் நிறைந்த நீரிட்டு நன்கு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். மரவள்ளி மாவும் அரைத்து, நீரில் பலமுறை அலசி, உலர்த்திப் பெறப்படுவதால் அஞ்சத் தக்கதன்று. பச்சைக் கிழங்கு, தோல், இலை, வடித்த நீர் ஆகியவை மட்டும் நாய்க்கு எட்டாதிருத்தல் வேண்டும். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், நஞ்சு குறைந்த ரகங்களையும் உருவாக்கியுள்ளது.

மரவள்ளிக்குரிய இம்முறை எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. வெங்காயத்தையும் பூண்டையும் எவ்வளவு வேகவைத்தாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் அவற்றின் தன்மை மாறாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதுமானது. நாய்ச் சோற்றில் சாம்பாரை ஊற்றுவோர் இதனை நினைவிற் கொள்க. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே கழிக்கிறது. அதில் பாதி நீங்கவே ஏறத்தாழ 17 மணி நேரமாகும். பாயசத்திலும் கேசரியிலும் இடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இவற்றினும் விரைந்து தீங்கு செய்வது, சர்க்கரை சேராத மிட்டாய்களில் இனிப்புக்காக இடும் சைலிடால். மனிதருக்கு இது பெரும்பாலும் தீங்கற்றது. நாய்க்கோ, தின்ற ஒரு மணிக்குள்ளாகவே இன்சுலின் பெருகி இரத்தச் சர்க்கரை வீழக்கூடும். பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு கிராமே ஆபத்தாகும்.

ஆதலின் நாய்க்குத் தின்பண்டம் வாங்குவோர், உறையில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலை ஒருமுறை படித்தல் நன்று. மரவள்ளி மாவைக் கண்டு அஞ்ச வேண்டா. சைலிடால், வெங்காயத் தூள், உலர்ந்த திராட்சை, கோகோ ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அப்பண்டத்தை விலக்குக. தவறித் தின்றுவிட்டால், நோய்க்குறி தோன்றட்டும் எனக் காத்திராமலும், உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாமலும், அவ்வுறையுடன் நாயைக் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்க. தின்றது எது, எவ்வளவு, எப்போது என்னும் மூன்றையும் தெரிவித்தால் மருத்துவர் காலம் தாழ்த்தாது சிகிச்சையைத் தொடங்க இயலும்.